ஆனர்ஸ் ஆங்கில வகுப்பு: எதிர்பார்ப்புகளும் இணையக் கலந்துரையாடலும்

ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் கால அட்டவணையில் ‘ஆனர்ஸ் இங்கிலீஷ்’ என்று ஒரு வரி வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பலரும் இந்த வகுப்பையும் கணக்கு, அறிவியல் வகுப்புகளோடு சேர்த்தே வைத்துப் பார்க்கிறோம். வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்து, தேர்வுக்கு நன்றாகப் படித்தால் ‘ஏ’ வந்துவிடும் என்பது நம் எண்ணம். அக்டோபரில் முதல் கட்டுரை ‘பி மைனஸ்’ வாங்கிக்கொண்டு வரும்போதுதான் பேச்சு தொடங்குகிறது. “இங்கிலீஷ் நல்லாத்தானே பேசறா, ஒரு எழுத்துப்பிழைகூட இல்லையே, அப்புறம் எதுக்கு மார்க் குறைச்சாங்க?”

எழுத்துப்பிழைக்காக அந்த மதிப்பெண் குறையவில்லை. ஒரு நாவலைத் தானாகப் படித்து, அதைப் பற்றித் தனக்கென்று ஒரு கருத்தை உருவாக்கி, நூலுக்குள்ளிருந்தே சான்று எடுத்து, மாற்றுக் கருத்து உள்ளவரோடு பேச முடிகிறதா என்பதுதான் இந்த வகுப்பின் சோதனை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, தெரியாததைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு இது புதுப் பழக்கம். அந்தப் பழக்கத்தை வீட்டிலிருந்தே வளர்ப்பது எப்படி என்பதையே இந்த அத்தியாயம் பேசுகிறது.

ஆனர்ஸ் எதற்கு?

ஆனர்ஸ் வகுப்புக்கு நாடு முழுவதற்கும் பொதுவான வரையறை கிடையாது. ஏ.பி. வகுப்புகளுக்குக் காலேஜ் போர்டு என்ற அமைப்பு பாடத்திட்டம் வகுக்கிறது. மே மாதம் நாடு தழுவிய தேர்வு நடத்தி 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறது. ஆனர்ஸ் அப்படியல்ல. ஒரு மாவட்டத்தில் ஆசிரியரின் பரிந்துரை வேண்டும், இன்னொன்றில் நுழைவுக் கட்டுரை எழுத வேண்டும், வேறொன்றில் விரும்பியவர் எவரும் சேரலாம். பக்கத்து ஊர் நண்பர் சொன்னதை நம்பாமல் உங்கள் பள்ளியின் ‘கோர்ஸ் கேட்டலாக்’ கையேட்டைப் பாருங்கள்.

ஜி.பி.ஏ. கணக்கும் அப்படித்தான். பல பள்ளிகள் ஆனர்ஸுக்கு அரைப் புள்ளியும் ஏ.பி.க்கு ஒரு புள்ளியும் கூட்டித் தருகின்றன. கூட்டாத பள்ளிகளும் உண்டு. பல்கலைக்கழகங்கள் இந்தக் கூட்டலை அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பத்து, பதினோராம் வகுப்பு மதிப்பெண்களை வைத்துத் தானே புதிதாகக் கணக்குப் போடுகிறது. ஆனர்ஸ் வகுப்புகளில், அந்த மாநிலப் பள்ளிகள் நடத்தி, தான் ஒப்புதல் தந்தவற்றுக்கு மட்டுமே கூடுதல் புள்ளி தருகிறது. ஒன்பதாம் வகுப்பு ஆனர்ஸ் ஆங்கிலத்தால் அந்தக் கணக்கில் ஒரு புள்ளியும் ஏறாது. அந்த வருடம் பழகும் வாசிப்பும் எழுத்தும் பதினொன்றில் ஏ.பி. லாங்குவேஜ், பன்னிரண்டில் ஏ.பி. லிட்டரேச்சர் எடுக்கும்போது கைகொடுக்கும். புள்ளிக்காக மட்டும் பிள்ளையை ஆனர்ஸில் சேர்ப்பவர்களுக்கு என் அபிப்பிராயம் ஒன்றுதான்: படிப்பதில் துளியும் நாட்டமில்லாத பிள்ளைக்கு அந்த வருடம் தண்டனையாகிவிடும்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேரே ஹைஸ்கூலுக்கு வந்து சேரும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றிய படிவத்தில் ‘தமிழ்’ என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைக்கலாம். அதற்குப் பயந்து பொய் எழுதாதீர்கள். ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் இருப்பதால் ஆனர்ஸ் கிடையாது என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், அந்த விதியை எழுத்தில் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் சிலபஸைப் படியுங்கள்

முதல் வாரத்தில் பிள்ளை கொண்டுவரும் சிலபஸில் பெற்றோர் கையெழுத்துக்கென ஒரு கோடு இருக்கும். சமையலறை மேடையில் வைத்து அவசரமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பும் தாள் அல்ல அது. மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்ற பங்கீட்டை முதலில் பாருங்கள். கட்டுரைகளுக்கு 50 விழுக்காடு, கலந்துரையாடலுக்கு 20 என்று இருந்தால், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை எவ்வளவு நன்றாக எழுதினாலும் ‘ஏ’ எட்டாமல் போகலாம். தாமதமாகக் கொடுத்தால் என்ன, கட்டுரையைத் திருத்தி எழுத வாய்ப்பு உண்டா, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா ஆகிய மூன்றையும் பிள்ளையோடு உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள்.

கட்டுரையின் தோற்றத்துக்கும் விதி உண்டு. ஆங்கில வகுப்புகளில் பெரும்பாலும் மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த முறைதான் வழக்கம்: இரட்டை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், மேல் வலது மூலையில் குடும்பப் பெயரும் பக்க எண்ணும், மேற்கோளுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் நூலாசிரியரின் குடும்பப் பெயரும் பக்க எண்ணும். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் நம் பிள்ளைகள், பள்ளிப் பதிவேட்டில் குடும்பப் பெயராக எது இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதட்டும். பர்டூ பல்கலைக்கழகத்தின் எழுத்து உதவித் தளத்தில் இந்த விதிகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு முறை மாதிரிக் கோப்பு தயாரித்துக்கொண்டால் வருடம் முழுக்க அந்தக் கவலை இல்லை.

வாசிப்பு

பட்டியல் பள்ளிக்குப் பள்ளி மாறினாலும் சில நூல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960), ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937), வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ (1954), ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ ஆகியவற்றில் குறைந்தது இரண்டு நூல்கள் முதல் இரண்டு வருடங்களுக்குள் வந்துவிடும். சினுவா அச்சிபியின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ (1958) பல பட்டியல்களில் உண்டு. கோடை விடுமுறைக்கே ஒரு நூலைக் கொடுத்து, திறந்த முதல் வாரத்தில் அதை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன.

ஆனர்ஸ் வகுப்பில் நூலைப் படிப்பது என்றால் கையில் பென்சிலோடு படிப்பது. பள்ளிப் பிரதியில் எழுதக் கூடாது என்றால் ஒட்டுத்தாள் வைத்துக்கொள்ளலாம். பத்துப் பக்கத்துக்கு மூன்று நான்கு குறிப்பு போதும். ‘இந்த இடம் முன்னால் வந்ததை நினைவூட்டுகிறது’, ‘இவன் ஏன் இப்போது பொய் சொல்கிறான்’, ‘இது எனக்குப் புரியவில்லை’ என்ற வகைக் குறிப்புகள் பிறகு கலந்துரையாடலில் அப்படியே பயன்படும். பக்கம் முழுக்க மஞ்சள் வண்ணம் பூசுவதால் பயன் எதுவும் இல்லை.

ஸ்பார்க்நோட்ஸ், லிட்சார்ட்ஸ் போன்ற தளங்களை நம் தலைமுறையின் கோனார் உரையைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். நூலைப் படித்துவிட்டு, குழம்பிய இடத்தைத் தெளிவாக்கிக்கொள்ள அதைத் திறந்தால் நல்லது. நூலுக்குப் பதிலாக அதைப் படித்தால் ஆசிரியர் உடனே கண்டுபிடித்துவிடுவார். வகுப்பில் பத்துப் பேர் அதே நான்கு கருப்பொருள்களை அதே வரிசையில் சொல்வதை அவர் வருடா வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு

2010இல் வெளியாகிப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட காமன் கோர் பாடத் தர அளவீட்டில், ஒன்பது, பத்தாம் வகுப்புக்கான பேச்சுத் திறன் பகுதி, நூலைப் படித்துத் தயாராக வந்து அதிலிருந்து சான்று காட்டிப் பேச வேண்டும் என்பதை முதல் எதிர்பார்ப்பாக வைக்கிறது. ஆகவே கலந்துரையாடலுக்கு மதிப்பெண் போடுவது ஆசிரியரின் விருப்பு வெறுப்பு அல்ல, பாடத்தின் ஒரு பகுதி. நேரில் நடப்பதை ‘சாக்ரடிக் செமினார்’ என்பார்கள். மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசுவார்கள். ஆசிரியர் பெரும்பாலும் வாய் திறக்காமல் குறிப்பெடுப்பார். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஃபிலிப்ஸ் எக்ஸெட்டர் பள்ளி 1930இல் எட்வர்ட் ஹார்க்னெஸ் தந்த நன்கொடையைக் கொண்டு இப்படி மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிக்கும் முறையையே பள்ளி முழுவதற்குமான பாணியாக்கியது.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு என் யோசனை: முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு முறை பேசிவிட வேண்டும். நேரம் போகப் போகச் சொல்ல வைத்திருந்ததை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், படபடப்பும் கூடும். முதல் பேச்சு ஒரு கேள்வியாக இருந்தாலும் கணக்கில் சேரும்.

இணையத்தில் எழுதும்போது

இணையக் கலந்துரையாடல் கூகுள் கிளாஸ்ரூம், கேன்வாஸ், ஸ்கூலஜி போன்ற தளங்களில் நடக்கிறது. ஆசிரியர் ஒரு கேள்வியைப் போடுவார். வாரத்தின் நடுவில், அனேகமாகப் புதன் இரவு 11:59க்குள், முதல் பதிவு. வார இறுதிக்குள் இரண்டு சக மாணவர்களுக்குப் பதில். இதுதான் பரவலான அமைப்பு. கேன்வாஸில், தன் பதிவைப் போடும்வரை மற்றவர்கள் எழுதியது கண்ணில் படாதபடி ஆசிரியர் பூட்டி வைக்கலாம். எனவே ‘மத்தவங்க என்ன எழுதறாங்கன்னு பார்த்துட்டு எழுதறேன்’ என்று காத்திருப்பது பலிக்காது.

இந்த முறையை நான் மனதார ஆதரிக்கிறேன். வகுப்பில் கையைத் தூக்கத் தயங்கும் பிள்ளைக்கு யோசித்து, எழுதி, அழித்து, மறுபடி எழுத இங்கே அவகாசம் இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைக்கு உச்சரிப்பை யாராவது கேலி செய்வார்களோ என்ற பயமும் இல்லை. இந்த வாய்ப்பைக் கடமைக்கு நாலு வரி எழுதி வீணாக்குவதைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை.

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். நூல், ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’. கலிஃபோர்னியாப் பண்ணைகளில் கூலி வேலை தேடி அலையும் இருவர்: கூர்மையான ஜார்ஜ், மலைபோன்ற உடலும் குழந்தை மனமும் கொண்ட லென்னி. முடிவில் லென்னியைத் துரத்தி வரும் கும்பல் நெருங்குமுன் ஜார்ஜே அவனைச் சுட்டுவிடுகிறான். கீழே வரும் கேண்டி, கார்ல்சன், கர்லி, ஸ்லிம் ஆகியோர் அவர்கள் வேலை செய்யும் பண்ணையில் இருப்பவர்கள். ஆசிரியரின் கேள்வி: அந்த முடிவுக்கு நாவல் நம்மை எந்த இடத்திலிருந்து தயார்செய்கிறது?

ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘இது மிகவும் சோகமான கதை. ஜார்ஜும் லென்னியும் உயிர் நண்பர்கள். ஜார்ஜுக்கு வேறு வழியில்லை. நட்பு எவ்வளவு முக்கியம் என்று ஸ்டைன்பெக் காட்டுகிறார்.’ பிழை எதுவும் இல்லை. ஆனால் நூலைத் திறக்காதவரும் இதை எழுதிவிடலாம். கேட்ட கேள்வி எந்த இடம் என்பது, அதற்குப் பதிலே இல்லை.

இன்னொரு மாணவியின் பதிவு: ‘மூன்றாம் பகுதியில் கேண்டியின் கிழட்டு நாயை கார்ல்சன் வெளியே கொண்டுபோய்ச் சுடுகிறான். தன் நாயைத் தானே சுட்டிருக்க வேண்டும், வேற்றாள் கையில் விட்டிருக்கக் கூடாது என்று கேண்டி பிறகு ஜார்ஜிடம் வருந்துகிறான். கடைசியில் ஜார்ஜ் எடுத்து வைத்திருப்பதும் அதே கார்ல்சனின் துப்பாக்கி. கேண்டி தவறவிட்டதை ஜார்ஜ் செய்கிறான் என்று நாவல் நம்மை நினைக்க வைக்கிறது. எனக்கு ஒன்று உறுத்துகிறது. நாய் கிழடு, நோயாளி. லென்னி திடமான இளைஞன். இருவரையும் ஒரே தட்டில் வைக்கும்போது, லென்னியை ஒரு மிருகமாகவே பார்க்க நம்மைப் பழக்குகிறதா இந்த நாவல்?’

இதில் ஆங்கிலம் கடினமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. இடத்தைக் காட்டியிருக்கிறார், துப்பாக்கி என்ற ஒரு பொருளை இரண்டு காட்சிகளிலும் கவனித்திருக்கிறார், கடைசிக் கேள்வி அடுத்தவர் பேச வாசல் திறந்து வைத்திருக்கிறது. ஏ.பி. லாங்குவேஜ் தேர்வில் ஒரு கட்டுரைக்கு 6 புள்ளி. அதில் மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் அதன் விளக்கத்துக்கும் சேர்த்து 4, சிந்தனையின் நுட்பத்துக்கு 1. இந்த மாணவி எழுதியது அந்த 4க்கான பயிற்சிதான். இரண்டு வருடம் வாரா வாரம் இப்படி எழுதியவருக்குத் தேர்வு அறையில் புதிதாகச் செய்ய எதுவும் இருக்காது.

பதில் எழுதுவது

நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இங்கேதான். ‘அருமையான பதிவு! நீ சொன்னதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நாம்தானே கற்றுக்கொடுத்தோம். அமெரிக்க வகுப்பில் ஒருவரின் கருத்தோடு மோதுவது அவரை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அவர் எழுதியதை ஊன்றிப் படித்ததற்கு அடையாளம் அது.

மேலே பார்த்த பதிவுக்கு ஒரு நல்ல பதில் எப்படி இருக்கும்? ‘லென்னியை மிருகமாகப் பார்க்கப் பழக்குகிறது என்கிறாய். அதற்கு இன்னொரு சான்றும் உண்டு: முதல் காட்சியிலேயே அவன் நடை கரடியோடும் தண்ணீர் குடிப்பது குதிரையோடும் ஒப்பிடப்படுகிறது. ஆனாலும் நீ விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. கர்லி அவனை வயிற்றில் சுடத் துடிக்கிறான். பிடித்துக் கூண்டில் அடைப்பதும் நல்லதல்ல என்று ஸ்லிம் சொல்லிவிட்டான். ஜார்ஜ் முன்னால் இருந்த வழிகள் இவ்வளவுதான் என்றால், குறை நாவலின் பார்வையிலா, அந்தப் பண்ணை உலகத்திலா?’ முதலில் எதிராளி சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறது; அதற்கு வலு சேர்க்கிறது; பிறகு விலகுகிறது. புதிய பக்கத்திலிருந்து புதிய சான்று வருகிறது. யாரையும் ‘நீ தப்பு’ என்று சொல்லவில்லை.

யாருக்குப் பதில் எழுதுவது என்பதிலும் யோசிக்கலாம். நெருங்கிய தோழிக்கே எப்போதும் எழுதாமல், இதுவரை ஒரு பதிலும் வராத பதிவைத் தேடி எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் பூட்டிக்கொண்டு போய்விடாமல், தனக்கு வந்த பதில்களுக்கும் ஓரிரு வரி திருப்பி எழுதுவது நல்லது. அதைக் கட்டாயமாக்காத ஆசிரியரும் கவனிக்காமல் இருக்கமாட்டார்.

‘மாக்கிங்பேர்ட்’ போன்ற நூலில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் வருகிறது. அதை மேற்கோளாகக்கூட முழுதாக எழுதாமல் தவிர்ப்பதே இன்று பல வகுப்புகளின் நடைமுறை; ஆசிரியர் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளட்டும். சாதி, நிறம் பற்றி நம் வீட்டில் சாதாரணமாக விழும் பேச்சுகள் இந்த நூல்களைப் படிக்கும் பிள்ளையின் காதில் வேறு மாதிரி விழும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அந்த வருடம் அவர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகளை அதட்டி அடக்காதீர்கள். நம் சமூகத்தைப் பற்றி நேர்மையாகப் பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

பள்ளிக் கணக்கில் எழுதுவதைப் பள்ளி நிர்வாகம் பார்க்க முடியும், படம் பிடித்தால் நிரந்தரமாகிவிடும். சொந்த வீட்டுப் பிரச்சினையையோ இன்னொரு மாணவரின் ரகசியத்தையோ உதாரணமாக எழுதக் கூடாது. கோபத்தோடு எழுதியதை மறுநாள் காலை ஒரு முறை படித்துவிட்டுப் போடட்டும்.

பெற்றோர் கை எதுவரை நீளலாம்?

பதிவை நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள். நாற்பது வயது அலுவலக ஆங்கிலம் பதினான்கு வயதுப் பிள்ளையின் பதிவில் பளிச்சென்று தெரியும். அதைவிடச் சாப்பாட்டு நேரத்தில் “இந்த வாரம் கதையில என்ன ஆச்சு? நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே? ஏன்?” என்று கேட்டுவிட்டு, சொல்வதை முழுக்கக் கேளுங்கள். தமிழில் பேசினால் போதும். வாயால் சொல்லிப் பார்த்த கருத்தைப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும்.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு ஆசிரியர்களின் சந்தேகமும் கூடியிருக்கிறது. எழுதித் தரச் சொல்வது ஏமாற்றுதான், அதில் விவாதம் இல்லை. பிள்ளை நேர்மையாக எழுதியும் கண்டறியும் மென்பொருள் தவறாகக் குற்றம் சொல்லக்கூடும் என்பதுதான் கவலை. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய டோஃபெல் கட்டுரைகளை இத்தகைய மென்பொருள்கள் பெருமளவில் இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் குறித்தன என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். நம் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பாதுகாப்பு எளிது: எல்லாவற்றையும் கூகுள் டாக்ஸில் முதல் வரியிலிருந்து எழுதிவிட்டு, பிறகு கலந்துரையாடல் பெட்டிக்குள் ஒட்டட்டும். எந்த நேரத்தில் எந்த வரி வந்தது என்பது அதன் பதிப்பு வரலாற்றில் இருக்கும். குற்றச்சாட்டு வந்தால் குரலை உயர்த்தத் தேவையில்லை, அதைத் திறந்து காட்டினால் போதும்.

மதிப்பெண் குறைந்தால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டியது பிள்ளை. ‘ஏன் குறைத்தீர்கள்’ என்று கேட்காமல், ‘சான்றுக்கான விளக்கத்தில் 4க்கு 2 கொடுத்திருக்கிறீர்கள், இரண்டாம் பத்தியை இப்படி மாற்றினால் சரியாகுமா’ என்று குறிப்பிட்டுக் கேட்டால் ஆசிரியர் நேரம் ஒதுக்குவார். இரண்டு முறை எழுதியும் பதில் வராவிட்டால் நீங்கள் தலையிடலாம். ‘பேக் டு ஸ்கூல் நைட்’ அன்று ஒவ்வொரு ஆசிரியருக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச அது இடமல்ல.

அவ்வளவும் செய்தும் வகுப்பு பிள்ளையைக் கசக்கிப் பிழிகிறது, தூக்கம் கெடுகிறது, புத்தகத்தைக் கண்டாலே வெறுப்பு வருகிறது என்றால், சாதாரண ஆங்கில வகுப்புக்கு மாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாறுவதற்கான கடைசித் தேதி பல பள்ளிகளில் முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடுகிறது என்பதால் செப்டம்பரிலேயே அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் கேட்கும் முன் கவுன்சிலரிடம் இரண்டு விஷயம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்: இதுவரை வாங்கிய மதிப்பெண் புது வகுப்புக்கு அப்படியே போகுமா, டிரான்ஸ்கிரிப்டில் பாதியில் விலகியதாகக் குறிப்பு விழுமா.